முப்பத்தொரு மனுவுக்கு ஒரே விளக்கு

இயேசு மரி சூசை துணை

சவேரியார்துறை,
12.02.2012

என் அன்பான கணவருக்கு ஜெமி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அன்சியும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்காகச் சாயங்காலச் செபமாலையில் பத்து மணி தனியாக ஒதுக்கியிருக்கிறோம். அதில் அன்சி நாலு மணிக்குள் தூங்கிவிடுகிறாள், அவள் பங்கையும் நானே சொல்கிறேன்.

போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை. இந்தப் பக்கம் உங்கள் அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பக்கம் உங்கள் அறையில் எட்டு பேர். அதனால்தான் ஊரிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் கடிதம் கொடுத்துவிடுகிறேன். சிரிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பேரூராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துவிட்டது! தற்காலிகம்தான். எனக்கென்று ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், முட்டுக்குக் கீழே மட்டும் காற்று அடிக்கும் ஒரு பேன். நம் பேரூராட்சிக்கு இணையதளம் திறந்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை ஓடை அடைத்துவிட்டது, எதுவானாலும் வீட்டிலிருந்தே மனு போடலாம். மனுவுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டுப் பார்த்தால் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். வேலை முடிந்ததும் 'நிறைவேற்றப்பட்டது' என்று குறித்து, அதற்கு ஒரு போட்டோவும் ஏற்ற வேண்டும். அது என் பொறுப்பு.

பிறப்புச் சான்றிதழும் அதிலேயே கிடைக்கிறது. நேசபாய் அக்கா மகனுக்காகப் பதறிக்கொண்டு வந்தாள், மூன்று நிமிடத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். "மூணு நாளு நடக்கணும்னு வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தேனே மக்கா, இனி மிச்ச நாளு நான் எங்க போய் இருக்க?" என்று என்னையே திட்டினாள்.

மாவட்டத்தில் மாதாமாதம் பட்டியல் போடுகிறார்கள், எந்தப் பேரூராட்சி அதிக மனுக்களை முடித்தது என்று. நாம் முதலிடம் வந்தால் என்னை நிரந்தரமாக்க எழுதுவதாகச் செயல் அலுவலர் சொல்லியிருக்கிறார். போன லீவில் மாதா கெபிக்கு முன்னால் நின்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உனக்கு நிலையா ஒரு வேலை கிடைக்கட்டும் ஜெமி, மறுநாளே நான் விசாவை முடிச்சுக்கிட்டு வந்திருவேன்." ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். வாக்கை நான் மறக்கவில்லை, மாதாவும் மறந்திருக்க மாட்டாள்.

பஹ்ரைனிலிருந்தும் மனு போடலாமாம். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி,
ஜெமி


மனாமா,
09.03.2012, வெள்ளி

அன்பு ஜெமிக்கு,

கடிதமும் நெத்திலிக் கருவாடும் கிடைத்தன. கருவாடு எனக்கு மூன்று துண்டு மிஞ்சியது, கடிதம் முழுசாக மிஞ்சியது. உனக்கு வேலை கிடைத்ததை அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பெருமையை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைக்க?

இன்று லீவு. ஜஸ்டஸ் லேப்டாப் வைத்திருக்கிறான் அல்லவா, பேபி மாமி மகன், பள்ளிக்கூடத்துத் தெருக்காரன். அதில் உன் இணையதளத்தைத் திறந்தோம். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் வார்டுகளின் பெயரைப் பார்த்ததும் எல்லோரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஆளாளுக்கு மனு போட்டார்கள். தன் தெருவிலும் பள்ளிக்கூடத்து ஓடைப் பக்கத்திலும் விளக்கில்லை என்று ஜஸ்டஸ் போட்டான். அவன் அம்மா விடியுமுன்னே ஏலத்துக்கு மீன் எடுக்கப் போகிறவள் இல்லையா, அதுதான் அவனுக்குக் கவலை. கோயில்குளத்துத் தெருவுக்கு முருகதாஸ் போட்டான். மொத்தம் பதினொரு மனு, எல்லாமே விளக்குக்குத்தான். "நம்ம ஷிஜினுக்க பெண்டாட்டி இருக்காளே, ஒரு வாரத்துல ஊரு பகலாயிரும் பாரு" என்றான் முருகதாஸ். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ நிரந்தரமானதும் வருகிறேன். சொன்னது சொன்னதுதான். மைக்கேல் மாமாவின் மீன்பிடி வள்ளத்தில் பங்கு எடுப்பதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்சிக்கு முத்தம். அம்மாவிடம் மருந்தை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

உன்
ஷிஜின்


இயேசு மரி சூசை துணை

சவேரியார்துறை,
10.04.2012

அன்பான கணவருக்கு,

பாஸ்கா வாழ்த்துக்கள். பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் அன்சி பதினாலு ஸ்தலமும் நடந்தே வந்தாள், பிறகு இரண்டு நாள் காலைத் தூக்கிக்கொண்டு எனக்கு வேலை வைத்தாள்.

உங்கள் அறைக்காரர்களின் பதினொரு மனுவையும் முடித்தாயிற்று. மாவட்டப் பட்டியலில் நாம் இரண்டாமிடம். செயல் அலுவலர் ஆபீசுக்கே லட்டு வாங்கினார். அடுத்த மாதம் முதலிடம் வந்தால் கடிதம் நிச்சயம் என்கிறார்.

வேறு என்ன எழுத? உங்கள் அம்மா நம் வாசல் விளக்குக் கம்பத்தின் இழுகம்பியில் துணி காயப்போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. கரண்ட் அடிக்கும் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். "இருவது வருசமா அடிக்காதது இனி எதுக்கு அடிக்கப் போவுது?" என்கிறார்கள். நீங்கள் வந்து சொன்னால்தான் கேட்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாருங்கள்.

ஜெமி


மனாமா,
04.05.2012

ஜெமிக்கு,

சுகம்தானே?

போன வெள்ளிக்கிழமை முருகதாஸ் தன் மனு எண்ணைப் போட்டுப் பார்த்தான். 'நிறைவேற்றப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். போட்டோவைத் திறந்தான். விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. கம்பத்தின் இழுகம்பியில் ஒரு பிள்ளையின் நீல யூனிபார்ம் காய்கிறது. வலது தோளில் தையல் விட்ட இடத்தில் வெள்ளை நூல் போட்டுத் தைத்திருக்கிறது. அது என் அம்மா தைத்தது. போன லீவில் நானே பார்த்து, நீல நூல் இல்லையா என்று கேட்டேன்.

முருகதாஸ் கேட்டான், "ஏலே ஷிஜினே, உனக்க பிள்ளைக்க யூனிபார்ம் எங்க கோயில்குளத்துல எப்பிடில வந்து காயுது?"

பதினொரு எண்ணையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே போட்டோ, என் வீட்டு வாசல். சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரையேறியது. இப்போது குளியலறைக்குப் போகிறவன்கூட "நிறைவேற்றப்பட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறான். நானும் கூடவே சிரித்தேன், வேறு என்ன செய்ய?

ஜஸ்டஸ் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தான். தெருவில் விளக்கு இல்லவே இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நீ தெரியாமல் செய்ததா, யாராவது செய்யச் சொன்னார்களா? வெட்கமாக இருக்கிறது ஜெமி. உன் கையால் எழுதி எனக்குச் சொல்.

ஷிஜின்


இயேசு மரி சூசை துணை

சவேரியார்துறை,
27.05.2012

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அதற்குள் இங்கே நடந்துவிட்டதை வரிசையாக எழுதுகிறேன். கோபம் வந்தால் பாதியில் கிழித்துவிடாமல் முழுவதும் படியுங்கள்.

நான் தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச்சில் தெருவிளக்கு மனு மட்டும் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது. பல்பு ஸ்டாக் இல்லை. எலக்ட்ரீசியன் ஐயப்பன் அண்ணன் ஏணியைச் சாத்திவைத்துவிட்டு, "பல்பு தந்தா மாட்டுவேன், இல்லேன்னா நானா போய் எரிய முடியும்?" என்று கேட்டார். மாதக் கடைசியில் மாவட்டத்தில் கூட்டம். "அடுத்த வாரம் பல்பு வந்துவிடும் அம்மா, இப்போது முடித்துவிடு, வந்ததும் மாட்டிவிடலாம்" என்றார் செயல் அலுவலர். அவரும் கெட்டவர் இல்லை, மேலே அவரைப் பிடுங்குகிறார்கள். போட்டோ இல்லாமல் மனு முடியாது. அன்று அந்திக்கு வீட்டுக்கு வந்ததும் என் போனில் வாசல் விளக்கை ஒரு படம் எடுத்தேன். நம் பகுதியில் எரிந்த விளக்கு அது ஒன்றுதான். யூனிபார்ம் கண்ணில் படவே இல்லை. அது தினமும் அங்கேதானே கிடக்கிறது, மனுஷி எதைப் பார்ப்பாள்?

முப்பத்தொரு முறை அதே படத்தை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டேன். நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காகச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

பல்பு வரவில்லை. பதினைந்தாம் தேதி விடியுமுன்னே ஏலத்துக்குப் போன பேபி மாமி பள்ளிக்கூடத்து ஓடையில் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கஞ்சி கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜஸ்டசு கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டானாம் மக்கா, லைட்டு வந்தாச்சுன்னு அதுல போட்டிருக்காம். வந்தாச்சுன்னா நான் எதுக்கு ஏட்டி விழுந்தேன்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். வராந்தாவில் நின்று நன்றாக அழுதேன்.

மறுநாள் ஆபீசில் அந்த மனுக்களைத் திரும்பத் திறக்கப் பார்த்தேன். முடித்த மனுவை நான் திறக்க முடியாது, அதற்குப் பாஸ்வேர்டு வேறு. அதனால் வீட்டுக்கு வந்து, ஊர்க்காரியாக நானே ஒரு புது மனு போட்டேன். "கீழ்க்கண்ட முப்பத்தொரு மனுக்களில் வேலை நடக்கவில்லை. போட்டோ என் வீட்டு வாசலில் எடுத்தது. பொய்யாக முடித்தவர்: கணினி இயக்குநர் ஜெமி. மனுதாரர்: அதே ஜெமி." எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஐந்நூறு எழுத்துதான் கொள்ளும் என்றது, மூன்று மனுவாகப் போட்டேன். நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் தானாகப் போகும், அதுவும் தெரிந்தே செய்தேன்.

திங்கட்கிழமை செயல் அலுவலர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது எனக்கு வேலை இல்லை. நீங்கள் வருவதற்கு நானே வழியை அடைத்துவிட்டேன். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்க எனக்கு வாயில்லை. அன்சி கேட்டால் என்ன சொல்ல என்று மட்டும் எழுதுங்கள். நான் தெரிந்தே செய்ததை ஜஸ்டஸ் தம்பியிடம் வேறு யாரும் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள்.

ஜெமி


மனாமா,
15.06.2012, வெள்ளி

என் ஜெமிக்கு,

கடிதத்தை முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். கிழிக்கவில்லை.

ஜஸ்டசிடம் அன்றைக்கே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மூன்றாம் நாள் அவனே சாயா போட்டு எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தான். "எனக்க அம்மைக்க இடுப்பு ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான், அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தப்புக்குப் பேரு எழுதிக் குடுத்தவ உனக்க பெண்டாட்டி ஒருத்திதான்" என்றான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. முந்தாநாள் அவன் தங்கை போன் செய்தாளாம். மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஆள் வந்து தெருத்தெருவாகப் பார்த்தார்களாம், பள்ளிக்கூடத்துத் தெருவில் ஐயப்பன் அண்ணன் நான்கு விளக்கு மாட்டியிருக்கிறாராம். நீ போட்ட மனுவை நாங்களும் பார்த்தோம். உன் பெயர் இரண்டு இடத்திலும் இருக்கிறது. முருகதாஸ்கூடச் சிரிக்கவில்லை.

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ இவ்வளவு எழுதிய பிறகு சொல்லாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை.

போன லீவில் மைக்கேல் மாமாவின் வள்ளத்தில் ஒரு நாள் கடலுக்குப் போனேன், நினைவிருக்கிறதா? திரும்பி வந்து சுருண்டு படுத்தேன். மரச்சீனிக் கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நீகூடக் கிழங்கு விற்றவளைப் போய்ச் சண்டை பிடித்தாய். கிழங்கில் ஒரு குற்றமும் இல்லை ஜெமி. கரையை விட்ட அரைமணியிலிருந்து திரும்பும்வரை வாந்தி எடுத்தேன். மாமா என்னைக் கயிற்றில் கட்டிப்போட்டுத்தான் வலை இழுத்தார். ஆறு வருடம் ஏசிக் குழாயோடு கிடந்த உடம்பைக் கடல் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. கடற்கரையில் பிறந்தவன் இதை ஊரில் யாரிடம் சொல்ல முடியும்? அப்பாவின் பெயருக்கே கேடு என்று நினைத்தேன்.

அதற்கு மறுநாள்தான் மாதா கெபிக்கு முன்னால் உனக்கு அந்த வாக்கைக் கொடுத்தேன். உனக்கு நிலையான வேலை அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். எப்போது வருகிறீர்கள் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய், நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி முடித்துவைத்தேன். வருவதற்கு ஒரு வேலையும் செய்யவில்லை. நீ அந்த முப்பத்தொரு முறை பொய் சொன்னது என் பொய்யை நம்பித்தான். பேபி மாமியின் இடுப்பில் எனக்கும் பங்கு உண்டு. இதையும் ஜஸ்டசிடம் சொல்லிவிட்டேன்.

வள்ளத்தில் பங்கு வேண்டாம். துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட் இருக்கிறது, ஊரெல்லாம் ஏசியும் பிரிட்ஜும் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்த வேலை அதுதான். கடலுக்குப் போகாதவன் என்று நாலு பேர் கேலி செய்வார்கள், செய்யட்டும். உனக்கு இந்த வேலை இல்லாவிட்டால் வேறொன்று பார்ப்போம், இல்லாவிட்டாலும் கஞ்சி குடிப்போம்.

கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஜூலை பதினாலு, சனிக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அன்சி கேட்டால் தேதியைச் சொல், தைரியமாகச் சொல்.

இது லீவு இல்லை ஜெமி.

உன்
ஷிஜின்