வயிற்று வலி நோட்டு

3 மார்ச் 1953
இன்று மழை இல்லை.

இந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. அறுபத்து மூன்று வயதுக்குள் எத்தனையோ நாள் மழை இல்லாமல் போயிருக்கிறது. ஒன்றைக்கூட எழுதி வைக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேனே!

4 மார்ச்
சபாக் பக்கத் தோட்டத்தில் என் மகள் கங்காவுக்குப் பெண் குழந்தை. கடிதத்தை நானே படித்தேன். பஸ் ஓடவில்லை, போன வாரம் காட்டுக் கம்யூனிஸ்டுகள் ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள். நடந்தே போகிறேன் என்றேன்.

அனுமதிச் சீட்டுக்குத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, மை டப்பாவைத் தள்ளினார், கட்டைவிரல் வைக்க. "கையெழுத்துதான் போடுவேன்" என்றேன். போட்டு முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் பதினோரு பேர். சோமு கத்தினான்: "யோவ் பெருசு, பேரை எழுதுறியா, புள்ள பெக்குறியா? சீக்கிரம் லா!" மறுபடி ஒரு முறை பார்த்து, இருசப்பன் என்பதில் விட்டுப்போன புள்ளியை வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இரவுப் பள்ளி ஃப்ளோரா டீச்சர் இந்த நோட்டு, பென்சில், ரப்பர் மூன்றும் கொடுத்தார். "வழியில யாரு உதவி செஞ்சாலும் பேரு, ஊரு, வீட்டு அடையாளம் எல்லாம் தெளிவா எழுதணும் தாத்தா. வந்ததும் மார்க் போடுவேன்."

5 மார்ச்
தோட்டத்துக் கேட்டில் ஒரு பலகை. எத்தனை மாதமாக அங்கே இருக்கிறதோ! எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேலிக்கு வெளியே அரிசி, சோறு எதுவும் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால் சிறை. தப்பில்லாமல் படித்துவிட்டேன் என்று சிரித்தேன். என் கையில் இருந்த கட்டுச்சோறு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. காவல்காரன் அதை அரசாங்கப் பாதுகாப்பில் வாங்கி வைத்தான். நான் முதல் வளைவு திரும்புவதற்குள் மென்று கொண்டிருந்தான்.

சாயங்காலம் வேறொரு தோட்டம். இரண்டாவது லயத்து வரிசை, மூன்றாவது வீடு, வாசலில் முருங்கை. வள்ளியம்மா. முன்பின் தெரியாது. அவர்களுக்கே ரேஷன் அரிசி. சோறு, நெத்திலிக் குழம்பு. வழிக்குக் கொஞ்சம் கட்டித் தரக் கேட்டேன்.

"கையில குடுத்தா எனக்குக் கம்பி. வயித்துல போட்டுக்கிட்டுப் போனா எவன் தொறந்து பாப்பான்? இன்னொரு கை தின்னுங்க மாமா."

மூன்று கை தின்றேன். எழுதவே குனிய முடியவில்லை.

6 மார்ச்
சுங்கை புரோங். வாய்க்கால் பாலம் தாண்டி நீலக் கதவு வீடு. மாக் ஜெனாப். மலாய்க்கார அம்மா, நெல் வயல்காரி. அவித்த மரவள்ளி, சம்பல், வாழைப்பழம். என் பேரைக் கேட்கவில்லை. இன்னும் வேண்டுமா என்று மலாயில் நான்கு தடவை கேட்டாள். நான்காவது தடவை தட்டை மறைத்துக்கொண்டேன். கைமேலேயே போட்டாள்.

7 மார்ச்
செகிஞ்சான். காட்டுக்காரர்களோடு சேரக் கூடாதென்று சீனர்களை முள்வேலிக்குள் குடி வைத்திருக்கிறார்கள். உள்ளே போக எனக்குச் சீட்டு இல்லை. வெயில். வேலி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த லிம் சோ என்னைப் பார்த்தாள். போய்க் கஞ்சியோடு வந்தாள். கிண்ணம் வேலிக்குள் நுழையவில்லை. கரண்டி நுழைந்தது. வாயைத் திறக்கச் சொல்லி அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டாள். என் மீசை ஒருமுறை முள்ளில் மாட்டிக்கொண்டது. அவள் சிரித்த சிரிப்பில் பாதிக் கரண்டி சட்டையில்.

அடையாளம்: தண்ணீர்த் தொட்டிக்கு நேரே, கம்பி அகன்ற இடம். டீச்சருக்குப் புரிய வேண்டும் என்று படமும் போட்டேன். நல்ல படம்.

9 மார்ச்
நேற்று எழுத முடியவில்லை. நோட்டு போலீசிடம் இருந்தது.

சுங்கை பெசார் போலீஸ் சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். படம் போட்ட பக்கத்தைக் கண்டதும் வெள்ளைக்கார அதிகாரி எழுந்தே நின்றுவிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, மலாய் தெரியும். படித்துச் சொல்ல ஒரு தமிழரைக் கூப்பிட்டார்கள். ஒல்லி ஆள், மூக்குக் கண்ணாடி, சிடுமூஞ்சி. நோட்டை முதலிலிருந்து கடைசிவரை மௌனமாகப் படித்தார். என் எழுத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. பெருமையாக நின்றேன்.

பிறகு மலாயில் சொன்னார்: "வயித்து வலி, துவான். பக்கம் பக்கமா வயித்து வலி. எங்கெங்க ஒதுங்கினான்னு எழுதி வச்சிருக்கான். இந்தப் படம் கக்கூஸ். எழுத்தும் கோழி கிளறின மாதிரி."

எனக்கும் மலாய் தெரியுமே! "நான் அப்படி எழுதல! எந்தக் கோழி இப்படி எழுதும்?" என்று தமிழில் கத்திவிட்டேன்.

அவர் என்னைத் திட்டுவதுபோல் விரலை நீட்டித் தமிழில் சொன்னார்: "எழுதினத எழுதினபடி படிச்சா, காட்டுக்காரனுக்குச் சோறு போட்ட வீடுன்னு மூணு வீட்டுக்கும் இன்னைக்கே லோரி போவும். கூட அந்தப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு வரும். வயித்தப் புடிய்யா!"

வள்ளியம்மா. முருங்கை. நீலக் கதவு. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன், பாவி! வயிற்றைப் பிடித்தேன். உட்கார்ந்தேன். உருண்டேன்.

அதிகாரி பதறிப்போய் அலமாரியிலிருந்து கறுப்பு மருந்து எடுத்து, இரண்டு மூடி தானே ஊற்றிக் குடிக்க வைத்தான். முதுகைத் தட்டினான். நல்ல மனுஷன்தான், லோரி அனுப்பாதவரை. நோட்டையும் என்னையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது மரத்தடியில் உட்கார்ந்து மூன்று பெயரையும், ஊரையும், அடையாளத்தையும், படத்தையும் அழித்துவிட்டேன். ரப்பரில் பாதி போய்விட்டது. எழுதி முடித்ததும், மீதிப் பாதி இந்தப் பக்கத்துக்கு.

11 மார்ச்
சபாக். குழந்தை கங்கா மாதிரியே கத்துகிறது. கங்கா விருந்து வைத்தாள். அந்த மருந்து குடித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் வெளியே போகவில்லை, அதனால் உள்ளேயும் போகவில்லை. "எங்க வீட்டுச் சோறு எறங்கலியாப்பா?" என்று கேட்டு அழுதாள்.

24 மார்ச்
ஃப்ளோரா டீச்சர் திருத்தினார். "பேரு எங்க தாத்தா? 'ஒரு வீடு, ஒரு சோறு'ன்னா என்ன அர்த்தம்?"

"வயசாயிடுச்சு டீச்சர். மறந்துட்டேன்."

பத்துக்கு நாலு.

1 ஆகஸ்ட் 1960
நேற்றோடு அவசரகாலம் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கேட்டில் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

பெட்டியிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். அழித்த இடங்களில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன், மைப் பேனாவில். வள்ளியம்மா. மாக் ஜெனாப். லிம் சோ. முருங்கை, நீலக் கதவு, தண்ணீர்த் தொட்டி. ஏழு வருஷத்தில் ஒரு எழுத்தும் மறக்கவில்லை. படம் மட்டும் முதலில் போட்டது போல வரவில்லை.

நாலாவது பெயர் ஒன்று எழுத வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காரர். அன்று கேட்கவில்லை. கோழி கிளறியது என்றாரே, அந்தக் கோபம்.

இப்போது பஸ் ஓடுகிறது. நாளைக் காலை சுங்கை பெசார் போகிறேன். பெயர் கேட்க வேண்டும். அப்படியே என் எழுத்தையும் காட்ட வேண்டும். நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.