ரோல் போடாத கேமரா

என் பிடிவாதக்காரத் தங்கை சாந்தாவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இறந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒரு தங்கை இருந்திருக்க மாட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நான் கல்லூரியிலும் நீ பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தப் போய்வந்த வருடங்களில் எத்தனை பஸ்ஸை உன்னால் விட்டிருப்போம்? சைக்கிள் கடையில் தொங்கும் டயர்களின் நிழலைப் பார்த்தால் கேமராவோடு நின்றுவிடுவாய். "ஏட்டி, பஸ்ஸ எடுத்துட்டான்!" என்று கத்துவேன். "செத்த பொறுக்கா, இப்பத்தான் வெளிச்சம் வருது" என்பாய். உனக்கு அது தியானமாம். எனக்கு முதல் பீரியட் வகுப்பு.

மனிதர்களையும் நீ விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்கடை வைத்திருக்கும் காசிம் பாயின் அம்மாவைக் கடைவாசலில் உட்கார வைத்து வெகுநேரம் கேமராவில் பார்த்தாய். கிளிக் சத்தம் கேட்டதும் பாய், "பிடிச்சிருச்சா டீச்சர்?" என்றார். "பிடிச்சிருச்சு பாய்" என்றாய்.

அந்த அம்மா போன மாதம் இறந்துவிட்டார்கள். பாய் வீட்டுக்கு வந்தார். "டீச்சர் எடுத்தது ஒண்ணுதான்க்கா, வேற படமே கெடையாது. பிரிண்டு போட்டுத் தாங்க" என்றார். உன் அலமாரியில் தேடினேன், இல்லை. கேமராவுக்குள் இருக்கும் என்று ராஜபாளையத்தில் நீ வழக்கமாகப் போகும் ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து சிரித்தார்.

"உள்ள பிலிம் ரோலே இல்லையேம்மா! டீச்சர் ரோல் போடுதத விட்டு ரெண்டு மூணு வருசம் இருக்குமே. போட்டா, படம் நல்லா வரணுமேங்கிற நெனப்புதான் வருதாம், பாக்க முடியலையாம். ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. பாய் கேட்டது, கேமரா பிடித்துவிட்டதா என்று. நீ சொன்னது, உன் மனசுக்குப் பிடித்துவிட்டது என்று. பொய் சொல்லவில்லை என்று இப்போதும் வாதாடுவாய். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஊரில் யாரடி அப்படி அர்த்தம் எடுப்பார்கள்?

பாயிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. விரித்த குடையை மடக்காமல் அப்படியே நின்றார்.

"படம் எடுக்கலேன்னா எங்கம்மாவ எதுக்கு அம்புட்டு நேரம் உக்கார வச்சாவ?"

"பாக்கத்தான் பாய்."

"சரி, பாத்தாவல்லா? என்னத்தப் பாத்தாவ? அதையாவது சொல்லுங்க."

என்னத்தைப் பார்த்தாய், சாந்தா? கையையா, கண்ணையா, முக்காட்டு ஓரத்தில் விழுந்த வெயிலையா? அன்றைக்கு பஸ்ஸில் ஏறிய பிறகாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் பக்கத்தில்தான் நின்றேன். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய் கடைசியில் இறங்கி வந்தார். "ராஜபாளையத்துல எங்க சின்னம்மா இருக்காவ. அச்சு அசல் அம்மா சாயல். அவியளையாவது எடுத்துத் தாங்க. ரோல் போட்டு எடுங்கக்கா."

போட்டுவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கட்டாயம் படம் எடுத்துப் பாயின் கையில் கொடுப்பேன். எடுப்பதற்கு முன்னால் அந்தச் சின்னம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். என்ன பார்த்தேன் என்பதை அவர்களிடமே சொல்லிவிட்டும் வருவேன்.

உன்னிடம் இன்னும் கோபமாகவே இருக்கும்,
உன் அக்கா