வலைச்சாயம் ஏறிய குடை

மச்சான்,

இந்த ஓலையில் எழுத்துகள் காற்றில் மாட்டிய படகுகள் மாதிரி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் கிடக்கின்றன. பொறுத்துக்கொள். காலமெல்லாம் கழி ஊன்றிக் காய்த்துப்போன கை இது. எழுத்தாணியை அழுத்தினால் ஓலை கிழிகிறது, அழுத்தாவிட்டால் எழுத்து விழமாட்டேன் என்கிறது. மணலில் எழுதிப் பழகியபோது சுலபமாக இருந்தது. தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிடலாம். ஓலை அப்படி விடுவதில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லெல்லாம் போன பிறகு எழுதக் கற்றுக்கொண்டேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கடைத்தெருவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு கடைசியில் உட்காரச் சொன்னார். நேற்று ‘ஏரி’ என்று எழுதிவிட்டு நானே அதைப் படித்தேன். படித்ததும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று காலையில் கரையில் கருவேலம்பட்டை கொதித்துக்கொண்டிருந்தது. வலைக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தத் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். சட்டியைக் கிளறுவது என் தங்கைதான். உன் பெண்டாட்டி. அவள் கிளறினால்தான் சாயம் சீராக ஏறும் என்று கோட்டைக்குப்பத்தில் இப்போதும் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் சாயத்துக்கு வேலையே இல்லை. அக்கரையை ஆண்ட நாயக்கருக்கும் நம் கோட்டையில் இருந்த உலாந்தா வெள்ளைக்காரர்களுக்கும் ஏதோ மனத்தாங்கல். நாயக்கர் கோபப்பட்டு ஏரியை மூடிவிட்டார். நாம் வலை போட்டால் அவருடைய ஆட்கள் வந்து வலையைக் கிழித்தார்கள், படகை இழுத்துப்போனார்கள். நண்டு பொறுக்கித் தின்றோம். பிறகு நண்டும் இல்லை. என் வீட்டில் கைக்குழந்தை ஒன்று போனது உனக்குத் தெரியும். நீதான் குழி தோண்டினாய்.

கடைசியில் உலாந்தா துரை தானே அக்கரை போய் நாயக்கருடைய படைத்தலைவரான தளவாயைப் பார்ப்பது என்று முடிவானது. படகு ஊன்ற நான். குடை பிடிக்க நீ. கோட்டையில் உனக்கு அந்த வேலை கிடைத்தபோது ஊரே உன்னைக் கேலி செய்தது. மீன்பிடிக்கிறவன் நிழல் பிடிக்கப் போய்விட்டான் என்றார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

அந்தக் குடையை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைப் பட்டு, ஓரத்தில் தொங்கல், வெள்ளிப் பூண் போட்ட காம்பு. துரைக்கு அது புதிதாகக் கிடைத்த கௌரவம். அவர்களுக்குள்ளே ஒரு விதி இருந்ததாம். இன்ன பதவிக்கு மேல் இருக்கிறவர் தலைக்குத்தான் இன்னொருவன் குடை பிடிக்கலாம், மற்றவர்கள் தாங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷி உன்னிடம் இதைச் சொல்லிவிட்டு, “அவங்க ஊர்ல வெயிலே கெடையாது, குடைக்கு மட்டும் சண்டை” என்று சிரித்தாராம்.

ஆனால் நம் பக்கத்தில் வெள்ளைக் குடை நாயக்கர்களுக்கெல்லாம் மேலான ராயருக்கு மட்டும் உரியது. நாயக்கரே வெள்ளை பிடிப்பதில்லை. வெள்ளைக் குடையோடு அந்நியன் ஒருவன் அக்கரையில் இறங்கினால் நம் மண்ணுக்கு நான்தான் ராஜா என்று சொன்னதாக ஆகும். தளவாய் முன்கூட்டியே ஆள் அனுப்பி, குடையை மடக்கிக்கொண்டு வரச் சொன்னார். துரை முடியாது என்றார். குடை இறங்கினால் எங்கள் தேசம் இறங்கியது மாதிரி என்றாராம். இந்த நாட்டார் ஒரு துணியின் நிறத்துக்குப் போய் ரோஷப்படுகிறார்களே என்றும் சொல்லிச் சிரித்தாராம். தானும் அதே துணிக்குத்தான் ரோஷப்படுகிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இதையும் துபாஷிதான் சொன்னார்.

குடையால் பேச்சு முறிந்தால் ஏரி திறக்காது. அது உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

போகிறதற்கு முந்தின நாள் அந்தியில், துடைத்து வைக்கிறேன் என்று குடையை வீட்டுக்கு எடுத்து வந்தாய். வேலையில்லாமல் கவிழ்ந்து கிடந்த சாயச்சட்டியை நிமிர்த்தினாய். என் தங்கை பயந்துபோனாள். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“வெள்ளையா இருக்கிறதுதானே தொல்ல? கறுப்பாயிட்டா எவனுக்கு இன்னா? தொரைக்கும் குடை இருக்கும், ராயருக்கும் கொறச்சல் இல்ல.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாம் பிறந்ததிலிருந்து பார்த்த சாயம் கறுப்பாகத்தான் ஏறியது. பருத்தி நூலும் சணலும் தவிர நம் சட்டி வேறு எதையும் கண்டதில்லை. பட்டு எப்படிக் குடிக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? மங்கிய வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரிந்தது. காயவைத்து, உறை போட்டு, விடியும் முன்னே எடுத்துப் போனாய்.

நடு ஏரியில் சூரியன் எழும்பியதும் உறையை உருவிக் குடையை விரித்தாய். நான் கழியை ஊன்ற மறந்துபோனேன். குடை சிவப்பாக இருந்தது. வெந்த இறாலின் வெளிர்சிவப்பு இல்லை, குங்குமத்தில் கொஞ்சம் மண் கலந்த மாதிரி நல்ல சிவப்பு.

துரை கத்தினார். உன்னை அடிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் அக்கரையில் மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. குடையே இல்லாமல் இறங்குவதா, கறைபட்ட குடையோடு இறங்குவதா என்று ஒரு கணம் யோசித்தார். பிடி என்று கையைக் காட்டினார்.

துரைக்குத் தெரியாதது உனக்கும் எனக்கும் தெரியும். ராயர் நாயக்கருக்குக் கொடுத்த மரியாதை ஒரு சிவப்புக் குடை. திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம். உன் முகம் வெளுத்தது. ஆனாலும் குடையை நேராகப் பிடித்தாய்.

கரை தட்டியதும் மேளம் நின்றது. தளவாய் குடையைப் பார்த்தார், பிறகு துரையைப் பார்த்தார். எங்கள் நாயக்கர் குடையை உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டார். துபாஷி அதைத் துரையின் பாஷையில் சொன்னார். துரைக்கு விஷயம் புரிந்ததும் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன், மச்சான். தன்மேல் பழி இல்லை என்று தெரிந்த முகம். இது எனக்குத் தெரியாமல் என் வேலைக்காரன் செய்தது, உங்களை அவமதித்தவன் என்னையும் அவமதித்தவன், அவனை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

தளவாய் முதல்முறையாகச் சிரித்தார். வெள்ளித் தட்டில் வெற்றிலை வந்தது. அந்த இரண்டு பேரும் முதலில் ஒத்துப்போனது உன் விஷயத்தில்தான். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள். உன்னை வெயிலில் மணலில் உட்காரவைத்தார்கள், மடியில் மடக்கிய குடையோடு.

நான் படகை விட்டு உன் பக்கம் வந்தேன். காவல்காரன் தடுக்கவில்லை. நீ என்னை நிமிர்ந்து பார்த்து, பந்தலில் பேசுவது காதில் விழுந்தது என்றாய்.

“ஏரியத் தொறந்துட்டாங்க மச்சான். வலைய எடுத்து வெயில்ல போடச் சொல்லு அவகிட்ட. மடிச்சே கெடந்து மக்கிப் போயிருக்கும்.”

பிறகு உன்னை மணல்மேட்டுக்கு அப்பால் கூட்டிப்போனார்கள். உன் உடம்பையாவது கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கவில்லை.

திரும்பும்போது துரை தலைக்குமேல் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். குடையைத் தளவாய் வைத்துக்கொண்டார். துரையின் மூக்கும் காதும் சிவந்துபோயின. ஏரி முழுக்க துபாஷியிடம் பேசிக்கொண்டே வந்தார். இறங்கியதும் நான் கேட்டதற்குத் துபாஷி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். குடையின் நிறத்துக்காக ஆளைக் கொல்லும் முரட்டு ஜனங்கள் இவர்கள் என்று தன் மேலிடத்துக்கு எழுதப்போகிறாராம். உன்னைப் பிடித்துக் கொடுத்தது யார் என்பதை எழுதுவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன?

மறுநாள் ஏரியில் எல்லோரும் வலை போட்டார்கள். நானும் போட்டேன். மடவை மீன் நிறைய விழுந்தது. சோறு பொங்கினோம். என் தங்கையும் தின்றாள், பிள்ளைகளுக்கும் ஊட்டினாள். அழுதுகொண்டே தின்றாள். அதற்குப் பிறகு இத்தனை காலத்தில் அவள் குடை பிடித்து நான் பார்த்ததில்லை. ஐப்பசி மழையிலும் ஓலைக்குடை எடுக்காமல் நனைந்துகொண்டே வருவாள்.

இப்போது கோட்டையில் வேறு துரை. அவருக்கும் ஒரு குடை. அக்கரையில் வேறு தளவாய். அவருக்கும் மேளம், வெற்றிலைத் தட்டு. நான் துரைமார்களை ஏற்றுவதை விட்டுவிட்டேன். கரையில் யாராவது விரித்த குடையோடு படகேறினால், பிடிக்கிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“அவருக்கா எழுதுற?”

ஆமாம் என்றேன். எழுத்துகள்மேல் விரலை ஓட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“வலையெல்லாம் வெயில்லதான் கெடக்குதுன்னு எழுதுண்ணா. ஒரு நாளும் மடிச்சுப் போட்டதில்லன்னு எழுது.”

எழுதிவிட்டேன் மச்சான். ஓலையின் தலையில் உன் பெயரைப் போட இடம் விட்டிருக்கிறேன். துரை எழுதியதில் நீ வெறும் குடைக்காரன். என் ஓலையில் அப்படி இருக்கக் கூடாது. கோணலாகவும் இருக்கக் கூடாது. வாத்தியாரிடம் கேட்டு மணலில் எழுதிப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன். வருகிற வாரம் சந்தைக்குப் புது ஓலை வரும். அதிலும் முதலில் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.