வரம்புக்குள்

ஜனவரி 9

இடக்கண்ணில் புரை. வயது நாற்பத்தாறு. என்ன வேலை என்று கேட்டார் கண் டாக்டர். எலும்பு அறுவை அறையில் எக்ஸ்ரே கருவி இயக்குகிறேன், பதினெட்டு வருடமாக என்றேன்.

"மெஷின் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேலையால வந்ததுன்னா அடுத்து வலது கண்ணுதான். கதிர் அளவு ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க."

ஜனவரி 10

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வழக்கம்போல் அறுவை அறை வாசற்படிக்கு வெளியே நின்றே பேசினார். "எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு சார். புரை வயசுல வர்றது." என்னைவிட எட்டு வயது மூத்தவர். வரிவிளம்பரத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார்.

நாங்கள் அணியும் ஈயக் கவசம் கழுத்தோடு முடிகிறது. தலை, நிர்வாகத்தின் பார்வையில், இல்லாமலும் சமாளிக்கக்கூடிய உறுப்பு.

ஜனவரி 21

மகளுக்கு எங்கள் பிரிவிலேயே வேலை. ஆணை வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். "அப்பா பதினெட்டு வருஷமா நிக்கலையா? என்ன ஆயிடுச்சு?" என்று அம்மாவிடம் மல்லுக்கு நிற்கிறாள். ரிப்போர்ட்டுகளைக் காட்டி இந்தப் படிப்பில் சேர்த்தவன் நான்தான்.

பிப்ரவரி 2

மனைவி துவைத்த பழைய சட்டையோடு என் பேட்ஜும் குளித்துவிட்டது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கும் சின்ன வில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியில் போடுவோம். அதிகாரி ஆய்வகத்துக்கு அனுப்புவார். டிசம்பர் கடைசியில் போட்டிருக்க வேண்டியது. மறந்திருக்கிறேன். "பையைப் பாத்துப் போட மாட்டீங்களா? சின்னப் புள்ளையா நீங்க?" என்றாள். வெட்கத்தில் ஆபீசில் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

வலக்கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறேன். இதுவும் என்னிடம் எதையோ மறைக்கிறதோ?

பிப்ரவரி 24

டிசம்பர் வரைக்குமான ரிப்போர்ட் வந்தது. என் பெயருக்கு நேரே: வரம்புக்குள். பேட்ஜோ என் அலமாரியில், சோப்பு வாசத்தோடு. பரீட்சைக்கே போகாமல் தேறிவிட்டது.

பிப்ரவரி 25

பழைய தாள்களை விரித்துப் பார்த்தேன். ஆறு வருடமாக ஒரே எண். கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தேனே, அப்போதும் அதே எண். கட்டிலா எனக்குக் கதிர் அடித்தது? அடப்பாவி! இந்தத் தாளை நம்பித்தானடா என் பொண்ணையும் உள்ள அனுப்பப் பாத்தேன்!

பிப்ரவரி 26

ஆய்வகத்துக்கு நானே கடிதம் எழுதினேன். மனைவிக்கு மட்டும் தெரியும். "கண்ணு எப்படி இருக்கு சார்?" என்று அதிகாரி இன்று விசாரித்தார். ஏன் இன்று? இப்போது தபால்காரர் மேலும் சந்தேகம்.

மார்ச் 15

பதில் வந்தது. எழுத்து கலங்கியதால் மனைவி படித்தாள். "தங்கள் மருத்துவமனையிலிருந்து கடந்த ஆறு ஆண்டுகளாக எங்களுக்கு பேட்ஜ் எதுவும் வரவில்லை." மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான் வந்தது. மகள் கதவோரம் நின்று கேட்டாள்.

கடிதத்தின் நகலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 29

அறுவை முடிந்து கண்ணில் கட்டு. விசாரணைக்கு மகள் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். வேலை எப்படி நடக்கிறது என்று அறுவை அறைக்குள் போய்க் காட்டும்படி விசாரணை அலுவலர் பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னார். அவர் முதலில் ஒரு கவசத்தை மாட்டினார். கழுத்துக்கு ஒன்று தேடினார். கண்ணுக்கு ஈயக் கண்ணாடி கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"அப்பா, மெஷின்ல பிளக்கே செருகலையே," என்றாள் மகள், எல்லார் காதிலும் விழும்படி.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆணையை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"அம்மாகிட்டத் துவைக்கக் குடுத்துடுங்க."