நாலாம் அறைக் கடுகு

செவ்வாய்த் தளம், நாள் 412, காலை 07:10
எழுதுபவன் ஏகாம்பரம், தாவர நோய் வல்லுநர். எண்ணெய்க்கும் மூச்சுக்கும் பதினொரு பேர் கடுகு அறைகளைத்தான் நம்பியிருக்கிறோம். முதல் அறையில் தண்டழுகல் பூஞ்சை. அந்த ரகத்தின் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை உடைத்துவிட்டது. செடிகளை எரித்தாயிற்று. மற்ற மூன்று அறைகளில் இரட்டை மரபணு ரகம். நலம்.

நாள் 414, மாலை 16:30
கண்ணேறுதான் காரணம் என்று இன்ஜினீயர் சவரிமுத்து தளம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். யார் கண் என்று கேட்டேன்; அவர் பார்வை என் தொப்பை மீது இருந்தது. சிரித்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது சமையலறைக் கடுகு ஒரு பிடி எடுத்து, நாலாம் அறைச் செடிகளை மூன்று முறை சுற்றினேன். முனைவர் பட்டம் பெட்டியில் தூங்கியது. மற்ற அறைகளுக்குக் கடுகு போதவில்லை.

நாள் 421, 11:40
நாலாம் அறையில் இலைப்புள்ளி, தண்டழுகலின் முதல் அடையாளம். சமையலறைக் கடுகு முதல் அறை விளைச்சல். பூஞ்சையைக் கையில் ஏந்தி ஊர்வலம் நடத்திய முதல் வல்லுநர் நான்தான்.

நாள் 421, 13:05
இது இரண்டாவது மரபணுவையும் உடைத்த புது வகை. இரண்டாம், மூன்றாம் அறைகளுக்குப் போனால் எல்லோர் கதையும் முடிந்தது. உள்ளே நின்றபடியே கதவையும் காற்றுக் குழாயையும் மூடிவிட்டேன். இனி என் மூச்சுக்கு இந்த அறுபது செடிகள்.

நாள் 424, 09:20
தளபதி மரகதவல்லி, வானொலியில்: "ஏகாம்பரம் சார், வெளிய வந்துடுங்க. துணிய எரிச்சிட்டு மருந்துல குளிச்சா சரியாப் போயிடும்."
என்னைக் குளிப்பாட்டலாம். கதவைத் திறந்ததும் பூஞ்சையோடு வெளியேறும் காற்றை?

நாள் 426, 18:00
நாற்பத்தொன்று செத்தன. 37-ஆம் செடியில் மட்டும் புள்ளி வந்தது, நின்றது, காய்ந்து உதிர்ந்தது. பூஞ்சை தோற்ற ஒரே செடி; இதன் விதைதான் இனி மற்ற அறைகளைக் காக்கும். காய் முற்ற ஐந்து நாள். பூஞ்சை படாமலிருக்கக் காய்களுக்குப் பை கட்டினேன்.

நாள் 428, 10:15
செடி குறையக் குறையக் காற்று கெடுகிறது. தலைவலி. கொட்டாவி. சவரிமுத்து, வானொலியில்: "சார், நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீங்க படிச்சவரு... கதவத் திறங்க சார்." அழுகிறார். ஊர்வம்பு பேச இந்த ஆள் உயிரோடு வேண்டும்.

நாள் 430
நேரம் தெரியவில்லை. மிச்சம் செடி ஒன்று. எழுத்து கோணுகிறது. நாளைக்குக் காய் முற்றிவிடும். நான் அதுவரை

உள்ளே வருபவர் முழுக் கவச உடையில் வாருங்கள். முதலில் காயைப் பறியுங்கள். பிறகு அறையைக் கொளுத்துங்கள். என்னைத் தொட்ட கையால் காயைத் தொடாதீ