மொட்டைக்கு முந்தின ஐந்து நாட்கள்

ஜூலை 26, புதன்

காலையிலிருந்தே காற்று. வார்டு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. கொக்கி மாட்ட ஆள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, நானே பேண்டேஜ் துணி கிழித்துக் கட்டினேன். மானிட்டர் மூன்றில் ஒன்று வேலை செய்யவில்லை.

பதினோரு மணிக்குப் புது கேஸ். கருப்பசாமி, 46. ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு கம்பெனியில் பேக்கிங். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் போர்மேன் கம்பெனி வேனிலேயே தூக்கிப் போட்டு வந்துவிட்டார். வாயுக்கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கொல்லாத முதல் போர்மேன்! மாரடைப்புதான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினோம். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். வலி விட்டது, இ.சி.ஜி.யில் ஏறியிருந்த கோடு இறங்கியது. டாக்டர் முகத்தில் சிரிப்பு, அபூர்வம்.

வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது நாள்.

ஜூலை 29, சனி

கருப்பசாமி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். மனைவி முத்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் வயிறெல்லாம் நீலம் பூத்திருப்பதைக் காட்டி அழுதாள். ஹெப்பாரின் ஊசி போட்ட இடம். இரத்தம் உறையாமல் இருக்கத்தான் இந்த ஊசி, அதனால்தான் நீலம் என்று விளக்கினேன். புரிந்ததா தெரியவில்லை. யாரோ அவரை அடித்துவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

போர்மேன் வந்தார். சீசன், லோடு நிற்கிறது, எப்போது வேலைக்கு வரலாம் என்கிறார். நல்லவர் என்று புதன்கிழமை எழுதியதைப் பாதி வாபஸ்.

ஆகஸ்ட் 2, புதன்

வெயில். கருப்பசாமி டிஸ்சார்ஜ். இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல்; கூடவே கொழுப்பு மாத்திரை, பி.பி. மாத்திரை. அடுத்த புதன் ஓ.பி.க்கு வர வேண்டும்.

முத்தம்மாவிடம் அட்டையைக் கொடுத்து, சின்னக் காயம் பட்டாலும் இரத்தம் நிற்கத் தாமதமாகும், சவரம் செய்யும்போது, பல் பிடுங்கும்போது கவனம் என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது என்றும் சொன்னேன். அதற்குள் வாசலில் கம்பெனி வேன் விடாமல் ஹாரன் அடித்தது. தலையாட்டிக்கொண்டே ஓடினாள்.

புது ஷூ கடிக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

ஓ.பி.யில் அம்புட்டுக் கூட்டம். கருப்பசாமி வரவில்லை. எரிச்சல். கேஸ் ஷீட்டில் இருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். போர்மேன்தான் எடுத்தார். வெள்ளிக்கிழமை இருக்கன்குடி அம்மன் கோயிலில் மொட்டை போடுகிறார்களாம், பிழைத்ததற்கு முத்தம்மா நேர்ந்துகொண்டதாம், அது முடிந்ததும் வருவார்களாம். நடந்து போக வேண்டாம், வேனில் போகச் சொல்லுங்கள் என்றேன். நடப்பதை மட்டும் யோசித்தேன். பெரிய அறிவாளி.

ஆகஸ்ட் 12, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஒன்பது மணிக்கு அதே வேன். அதே கருப்பசாமி. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் போகவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. உடம்பெல்லாம் வியர்வை. மறுபடியும் மாரடைப்பு, போன தடவையைவிடப் பெரிது.

முத்தம்மாவின் பையைப் பிடுங்கிப் பார்த்தேன். குளோபிடோக்ரல் பட்டையில் பத்தில் ஆறு அப்படியே இருந்தது. ஆஸ்பிரினும் அப்படியே. கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ரத்தம் நிக்காதுன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீக. மொட்டையில கத்தி பட்டுட்டா என்ன செய்யன்னு அஞ்சு நாளு நிறுத்துனோம். பல்லு புடுங்க அப்படித்தான் நிறுத்துவாகன்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. இன்னைக்குச் சாப்பிட்டதும் குடுக்கணும்னு எடுத்துக்கூட வச்சிட்டேன்."

பயமுறுத்திய பாதியை இரண்டு தடவை சொன்னேன், காப்பாற்றும் பாதியை ஹாரன் சத்தத்தில் ஒரு தடவை.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒருமுறை ஏற்றியவருக்கு இவ்வளவு சீக்கிரம் மறுபடி ஏற்றக் கூடாது. இங்கே வேறு மருந்து கிடையாது. மதுரைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆம்புலன்ஸ் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், தேடிப் பிடிக்க இருபது நிமிடம்.

ஏற்றும்போது முத்தம்மா என் கையில் ஒரு குங்குமப் பொட்டலத்தைத் திணித்தாள். "உங்க பேருக்கும் சேத்துத்தான் அர்ச்சனை வச்சோம்."

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை. மதுரைக்குப் போன் போட்டேன். திருமங்கலம் தாண்டும்போதே முடிந்துவிட்டதாம்.

குங்குமப் பொட்டலம் கைப்பையிலேயே இருக்கிறது. வெளியே எடுக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

தண்ணீர் வந்தது. துணி ஊறுகிறது.

காலையில் எல்லா டிஸ்சார்ஜ் அட்டையிலும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: மொட்டைக்கும் நிறுத்தக் கூடாது, பல்லுக்கும் எங்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. டாக்டர் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு சிஸ்டர் என்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அடுத்த அட்டையை எடுத்து எழுதினேன்.

இன்று சூலக்கரைப் பெரியவர் ஒருவர் டிஸ்சார்ஜ். அதே மாத்திரைகள். கதவைச் சாத்திவிட்டு, மாத்திரையை விடக் கூடாது என்பதை முதலில் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு, நேர்த்திக்கடன் ஏதும் உண்டா என்று கேட்டேன். மகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

"அலகு குத்துறதா நேந்திருக்கேன். பங்குனியில."

மொட்டைக்கு அட்டையில் பதில் எழுதி வைத்திருந்தேன். இதற்கு இல்லை. ஒரு வருடம் போகட்டும், டாக்டர் மாத்திரையைக் குறைத்த பிறகு பார்க்கலாம், அதுவரை அலகும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம் என்றேன்.

நான் நீட்டிய மாத்திரைப் பையை அவர் வாங்கவில்லை.

"ஆத்தாகிட்ட யாரு சிஸ்டர் தவணை கேக்குறது?"

"நான் கேட்டுக்கிறேன் ஐயா."

என் கழுத்தில் கிடந்த சிலுவையை ஒரு நிமிடம் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டார்.