வெடித்த பலகை குறித்து மழைத்தீவுக்கு

திரு வளர்க. கடல் இணங்குக. மழைத்தீவின் துறைகளை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு கலமும் பழுதின்றி வீடு திரும்புக.

பவளவேலி நாட்டின் அரியணையில் வீற்றிருந்து, தாயகத்து வணிகக் கழகத்தையும் கடல்கடந்த அதன் கிளைச்சாலைகளையும் காத்தருளும் செங்கயல் மாதேவியாரின் ஆணைப்படி, பேரமைச்சர் காரிவளவனார், மழைத்தீவுக் கிளைச்சாலையின் தலைவரும் அரசவையின் அன்புக்குரியவருமான இளஞ்சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை இது. தங்கள் இல்லத்தாரும் கலம் கட்டும் தச்சரும் பூச்சுக் கொட்டிலில் பாடுபடுவோரும் நலமே என அவை நம்புகிறது.

தங்கள் முறையீடு அரசியார் முன்னிலையில் படிக்கப்பட்டது. கிளைகளுக்கு இடையே சென்றுவரும் இடைத்தூதர் நீலவேணியார், தங்கள் கொட்டிலின் பின்புறம் ஒதுக்கிப் போட்டிருந்த, பூச்சு வெடித்த பலகை ஒன்றைக் கேளாமல் எடுத்து, தங்கள் சாலையின் குறி பளிச்சென்று தெரிய, பாலைக்கரைக் கிளைச்சாலையில் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஊரார் எவரிடம் காட்டியிருந்தாலும் பொறுத்திருப்பீர்கள். அங்கே தலைமை ஏற்றிருப்பவர் தங்கள் தமக்கையார் வானவன்மங்கையார் என்பதால் பொறுக்க முடியவில்லை என்றும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். நீலவேணியார் இனித் தீவில் கால் வைக்கலாகாது, ஒரு மரத்தையும் செதுக்காத, ஒரு கலத்தையும் ஓட்டாத அந்தப் பதவியே வேண்டியதில்லை என்பது தங்கள் வேண்டுகோள்.

நீலவேணியார் அழைக்கப்பட்டார். பதவி போனால் இரு கரைகளிலும் தாம் சேர்த்துவைத்த மனிதர்கள் எல்லாம் போய்விடுவார்கள் என்ற கலக்கம் முகத்தில் இருந்தது. ஆயினும் தலை தாழவில்லை. கேளாமல் எடுத்தது தம் பிழை என்றும், எடுத்ததற்கு வருந்தவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அரசியார் முறுவலித்தார்.

நீலவேணியார் உரைத்ததன் சாரம் இது. மரப்புழு தின்று நம் கலங்கள் ஓட்டையாகிய காலத்தில், தத்தம் பூச்சின் பக்குவத்தை எழுதி அனுப்புமாறு எல்லாக் கிளைகளுக்கும் அரசவை ஆணையிட்டது. வந்தவை வழவழப்பான பலகைகளும் நீண்ட புகழுரைகளும்தாம். தங்கள் குங்கிலியப் பூச்சு மழைக்கு அசையாது என்று தாங்கள் எழுதினீர்கள். வெயிலில் அது வெடிப்பதை எழுதவில்லை. தங்கள் தமக்கையாரின் சுண்ணாம்புப் பூச்சு வெயிலைத் தாங்கும் என்று அவர் எழுதினார். மழையில் அது உரிந்துவிடுவதை எழுதவில்லை. நம் கலங்களோ இரண்டு கடல்களிலும் ஓட வேண்டியவை. ஒருவர் கொட்டிலுக்குள் மற்றவர் ஆளை விடும் வழக்கமும் இல்லை. நீலவேணியார் இரு வாசல்களிலும் நின்று கேட்டுப் பார்த்தார். இரு இடங்களிலும் இளநீர் கொடுத்து உபசரித்தார்கள், கதவைத் திறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. வென்றதைக் கேட்டால் மூடிக்கொள்கிறார்கள். தோற்றதைக் காட்டினால் என்ன செய்வார்கள் என்று பார்க்க நினைத்தார்.

பாலைக்கரையில் தங்கள் பலகையைக் கண்டதும் கொட்டிலே கூடிச் சிரித்ததாம். வெயில் என்றால் ஏதோ கேள்விப்பட்டதோடு சரி போலும் தம்பிக்கு என்று தமக்கையார் கேலி பேசினாராம். சிரித்த வாயோடு சிரித்த வாயாக, ஒரு பிடி நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துப் பிசைந்திருந்தால் வெடித்திருக்காதே என்றும் சொல்லிவிட்டாராம். நீலவேணியார் அதோடு நிற்கவில்லை. இம்முறை முறையாகக் கேட்டு, அவர்களுடைய உரிந்த பலகை ஒன்றையும் வாங்கிக்கொண்டு தீவுக்கு வந்தார். அதைக் கண்டு, இது கலத்துக்குப் பூசியதா, கூழுக்குக் கரைத்ததா என்று தாங்கள் கேட்டது தங்களுக்கு நினைவிருக்கலாம். குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிச் சூடு ஆறுமுன் பூசத் தெரியாதவர்கள் என்று தாங்கள் அன்று இகழ்ந்துரைத்ததை, நீலவேணியார் இகழ்ச்சியை மட்டும் கடலில் விட்டுவிட்டு, மற்றதைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

இரண்டையும் சேர்த்து, உருக்கிய குங்கிலியத்தில் சுண்ணாம்பைப் பிசைந்து, தலைநகர்க் கலச்சாலையில் சூட்டோடு பூசப்பெற்ற 'அலைமகள்' என்னும் கலம், பாலைக்கரை வெயிலையும் தங்கள் தீவின் அடைமழையையும் கடந்து, இம்மாதம் தலைநகர்த் துறையில் கரையேற்றப்பட்டது. அதன் அடிமரத்தை அரசியாரே தம் கையால் தடவிப் பார்த்தார். ஒரு புழுத்துளை இல்லை. துறையில் நின்ற தச்சரெல்லாம் ஆரவாரிக்க, இப்பூச்சை ஆக்கியவர் யார் என்று அரசியார் வினவினார். மழைத்தீவு என்று சொன்னால் பொய். பாலைக்கரை என்றாலும் பொய். ஒரு மரத்தையும் செதுக்காத அந்தப் பதவி என்ன செய்தது என்ற தங்கள் வினாவுக்கு, அலைமகளின் அடிமரமே விடை.

இன்னும் ஒன்று. பாலைக்கரையிலிருந்து புறப்படும்போது தமக்கையார் நீலவேணியாரைத் தனியே அழைத்து, தம்பி இளைத்திருக்கிறானா என்று கேட்டாராம். பலகையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி அன்று என்று அவர் அதைத் தம்முள் வைத்திருந்தார்; இப்போது சொல்லலாம் என்று அரசியார் கருதுகிறார்.

ஆகவே அரசியாரின் ஆணை இது. இடைத்தூதர் பதவி நிலைத்திருக்கும். நீலவேணியாருக்கு அரச முத்திரை பொறித்த கைவளை வழங்கப்பெற்றது. அதை அணிந்து வருபவருக்கு எக்கிளையின் கொட்டிலும் திறக்கப்பட வேண்டும். அவரும் இனிக் கேளாமல் ஒரு சிராயையும் எடுக்கலாகாது. ஆண்டுதோறும் ஒவ்வொரு கிளைச்சாலையும் தான் தோற்ற பலகைகளுள் மிக மோசமானதை, குறியை மறைக்காமல், தன் கையாலேயே அவரிடம் தருக. வழவழப்பான பலகைகளை இனி அரசவை ஏற்காது.

இவ்வழக்கத்தைத் தொடங்கிவைக்க, தலைநகர்க் கலச்சாலையில் அரசியார் முன்னின்று செய்வித்து, நீரில் இறக்கியதும் இரண்டாகப் பிளந்த சுக்கான் பலகை, அரண்மனைக் குறியுடன், இவ்வோலையோடு நீலவேணியார் வசம் வருகிறது. தாங்கள் கண்டு சிரிக்க அரசியார் இசைவளித்துள்ளார். சிரித்து முடித்ததும், எதனால் பிளந்தது என்று எழுதி அனுப்புக.

பவளவேலி முத்திரை இட்டோம். நாட்டின் பெருமை தங்கள் கையிலும் தங்கள் தமக்கையார் கையிலும் ஒருங்கே விளங்குக.